தர்க்க விதிகளை நம் இஷ்டத்துக்கு மாற்றலாமா?

சதுரங்கத்தில் குதிரை ஏன் அப்படித் தாண்டுகிறது என்று கேட்டால், ‘விதி அப்படி’ என்பதோடு பேச்சு முடிந்துவிடும். தர்க்கமும் நாமே வகுத்துக்கொண்ட ஆட்டம்தானா? அப்படியென்றால் எந்த விதியையும் சேர்க்கலாமே?

1960இல் தர்க்கவியலாளர் ஆர்தர் பிரையர் சேர்த்துக் காட்டினார். அவர் உருவாக்கிய இணைப்புச் சொல் ‘டாங்க்’. அதற்கு இரண்டே விதி. ‘அ’ உண்மையென்றால் ‘அ டாங்க் ஆ’ என்று எழுதலாம். இது ‘அல்லது’வின் விதி. ‘அ டாங்க் ஆ’ இருந்தால் ‘ஆ’ என்று எழுதலாம். இது ‘மற்றும்’ என்பதன் விதி. தனித்தனியே இரண்டும் சாது. சேர்த்தால்:

2+2=4.
ஆகவே, 2+2=4 டாங்க் நிலா சதுரம்.
ஆகவே, நிலா சதுரம்.

உள்ளே போட்டதைவிட அதிகமாக வெளியே எடுக்க விடுவதுதான் டாங்கின் கோளாறு. புதுச் சொல்லைச் சேர்த்ததால், அந்தச் சொல்லே இல்லாத பழைய வாக்கியங்களில் புதிய முடிவு எதுவும் முளைக்கக் கூடாது என்று 1962இல் இன்னொரு தர்க்கவியலாளர் நூயல் பெல்னாப் நிபந்தனை போட்டார்.

விதியைக் கழிப்பது வேறு கதை. ஒரு கூற்று உண்மை, அல்லது அதன் மறுப்பு உண்மை என்கிறது நடுவிலக்கு விதி. முடிவிலிக் கணங்களில் இது செல்லுமா என்று 1908இல் டச்சுக் கணிதவியலாளர் பிரவுவர் சந்தேகித்தார். வெட்டிச் சந்தேகமல்ல. விகிதமுறா எண்ணை (முழு எண்களின் பின்னமாக எழுத முடியாத எண்ணை) விகிதமுறா எண்ணின் அடுக்குக்கு உயர்த்தி விகிதமுறு எண் பெற முடியுமா? √2இன் அடுக்கு √2 விகிதமுறு எண்ணானால் வேலை முடிந்தது. இல்லையென்றால் அந்த எண்ணையே மறுபடி √2 அடுக்குக்கு உயர்த்துங்கள். அடுக்குகள் பெருகி √2இன் வர்க்கம், அதாவது 2 வரும். எப்படியும் முடியும்! ஆனால் இரண்டில் எது சரி என்று இந்த நிறுவல் சொல்லவே இல்லை. பிரவுவர் இதை ஏற்கமாட்டார்.

அதனால் தேற்றம் போய்விடாது. அடுக்காக, 2ஐ அடிமானமாகக் கொண்ட 9இன் மடக்கையை எடுங்கள். √2ஐ அந்த அடுக்குக்கு உயர்த்தினால் சரியாக 3. அந்த மடக்கை m/n என்ற பின்னமானால் 2இன் அடுக்கு m-உம் 9இன் அடுக்கு n-உம் சமமாக வேண்டும். ஒன்று இரட்டைப்படை, மற்றது ஒற்றைப்படை, நடக்காது. இந்த நிறுவலுக்கு நடுவிலக்கு விதி தேவையே இல்லை.

நிறுவல்களைச் சரிபார்க்கும் காக் (Coq, இப்போது Rocq என்று பெயர்) மென்பொருள் இந்தக் கழித்த தர்க்கத்தில்தான் இயங்குகிறது. நடுவிலக்கு விதி வேண்டுமென்றால், அதை அடிகோளாக, அதாவது நிறுவாமலே ஏற்கும் கூற்றாக, நாமே சேர்த்துக்கொள்ளலாம், முரண்பாடு எழாது. டாங்கைச் சேர்க்க வழியில்லை.