நீண்ட அணுக்கரு ஆடுவது நமக்கு எப்படித் தெரிகிறது?

அணுக்கருவை உருண்டையாக வரைந்தே பழகிவிட்டோம். ஆனால் கடோலினியம்-156 போன்ற அருமண் தனிமங்களின் கரு ரக்பி பந்துபோல் ஓரச்சில் நீண்டது. இப்படி வடிவம் மாறும் என்று 1950இல் இயற்பியலாளர் ரெயின்வாட்டர் சொன்னார். ஓகே போர் (Aage Bohr), மோட்டல்சன் என்ற இரு இயற்பியலாளர்கள் அதை முழுக் கோட்பாடாக்கினார்கள். 1975இல் மூவருக்கும் நோபல்.

நீண்ட கருவுக்கென்றே ஓர் ஆட்டம் உண்டு. புரோட்டான் கூட்டமும் நியூட்ரான் கூட்டமும் கத்தரிக்கோலின் இரு அலகுகளாகச் சின்னக் கோணத்தில் விரிந்து மூடுகின்றன. 1984இல் அச்சிம் ரிக்டர் குழு ஜெர்மனியின் டார்ம்ஸ்டாட்டில் கருமீது எலக்ட்ரான்களைச் சிதறடித்து இதைக் கண்டது. ஆற்றல் சுமார் 3 எம்.இ.வி. (30 லட்சம் எலக்ட்ரான் வோல்ட்). சிக்கல் என்னவென்றால், அதே ஆற்றலில் மின் இருமுனை நிலைகளும் (மின்னூட்டம் முன்பின் ஆடுபவை) கிடக்கின்றன. கத்தரி ஆட்டமோ காந்த இருமுனை வகை, சின்னக் காந்தம்போல் ஆடுவது. எது எது?

இங்கேதான் காமாக் கற்றை வேண்டும்: கரு காமாவை விழுங்கித் திரும்ப வீசும், அது எந்தப் பக்கம் வருகிறது என்று பார்க்கலாம். 450 எம்.இ.வி. எலக்ட்ரானுக்கு நேரெதிரே 1 எலக்ட்ரான் வோல்ட் அகச்சிவப்பு லேசர் ஃபோட்டானை மோதவிட்டால், அது சுமார் 31 லட்சம் மடங்கு ஆற்றலோடு காமாவாகத் திரும்பும்: 3.1 எம்.இ.வி. அச்சிலிருந்து விலகி வருபவற்றுக்கு ஆற்றல் குறைவு. அதனால் கொலிமேட்டர் எனும் ஈயத் தடுப்பின் சிறு துளை வழியே நடுப்பகுதியை மட்டும் விடுகிறார்கள். துளை சற்று நகர்ந்திருந்தாலும் கற்றைக்குக் குறைந்த ஆற்றல் பக்கம் வால் முளைத்துவிடும். அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் இப்படிப்பட்ட நிலையம் இருக்கிறது.

லேசரின் தளவிளைவு (மின்புலம் ஒரே தளத்தில் ஆடுவது) காமாவிலும் அப்படியே நிற்கிறது என்பதுதான் விஷயமே. மின்புலம் இடவலமாக ஆடுகிறது என்று கொள்வோம். மின் இருமுனையும் இடவலமாகவே ஆடும். எந்த இருமுனையும் தான் ஆடும் திசையில் கதிர் வீசாது. ஆகவே கற்றைக்குச் செங்குத்தாக வைத்த உணர்விகளில் மேலும் கீழும் உள்ளவையே அதைப் பிடிக்கும். காந்தப்புலமோ மேல்கீழாக ஆடுகிறது. காந்த இருமுனையின் கதிர் இடவலத்தில்தான் வரும். அவ்வளவுதான்! நான்கு ஜெர்மானியம் உணர்விகளை எங்கே வைப்பது என்ற யோசனையே பாதி வேலையை முடித்துவிடுகிறது. புதுத் துகள் தேடினால்தான் பணம் என்னும் நிதிக்குழுக்கள் இந்த மாதிரி அளவீடுகளையும் கொஞ்சம் திரும்பிப் பார்க்கலாம்.

நடைமுறையில் தவறான பக்கத்திலும் சிறு மேடு தெரியும். உணர்விக்கும் இலக்குக்கும் பருமன் உண்டே, கோணம் கலங்கிவிடுகிறது. இன்னொன்று: கற்றையின் அகலம் 3 விழுக்காடு என்றால் 90,000 எலக்ட்ரான் வோல்ட். வெப்ப அசைவால் விரிந்த பின்னும் ஒரு கருநிலை விழுங்குவது அதில் 2 எலக்ட்ரான் வோல்ட் அகலமே. மிச்சமெல்லாம் வீண். அது போதாதென்று, இலக்கின் எலக்ட்ரான்களில் சிதறிய குறைந்த ஆற்றல் காமா உணர்வியை மூழ்கடிக்கும். அதை மட்டுப்படுத்த முன்னால் ஈயமும் செம்பும் வைக்கிறார்கள்.

கிளர்ந்த நிலை அடிநிலைக்கு (மிகக் குறைந்த ஆற்றல் நிலைக்கு) மட்டும் இறங்குவதில்லை, 89 கே.இ.வி. (89,000 எலக்ட்ரான் வோல்ட்) உயரத்திலுள்ள, கரு சுழலும் முதல் சுழற்சி நிலைக்கும் இறங்கும். ஒவ்வோர் இறக்கமும் உணர்வியில் ஒரு கோடாகத் தெரியும். இரு கோடுகளின் வலிமையையும் தத்தம் ஆற்றலின் மும்மடியால் வகுத்து, சுழற்சி நிலைக்குரியதை அடிநிலைக்குரியதோடு ஒப்பிட்டால், கத்தரி வகைக்கு 0.5 வரவேண்டும். 2 வந்தால் கோண உந்தத்துக்கு நீளச்சின் வழியே கூறு இல்லை, அது கத்தரி அல்ல. ஆனால் இந்த 89, கற்றையின் அகலத்துக்கு ஏறக்குறையச் சமம். ஒரு நிலையின் கிளைக்கோடு (சுழற்சி நிலைக்கு இறங்குவது) இன்னொன்றின் அடிநிலைக் கோட்டின்மேல் வந்து உட்காரும். அப்போதும் நான்கு உணர்விகளே கைகொடுக்கின்றன: கிளைக்கோடு எல்லாப் பக்கமும் கிட்டத்தட்டச் சமமாகத் தெரியும், அடிநிலைக் கோடு ஒரு பக்கமே சாயும்.