கர்ணம் என்கிற செம்பக்கம்

செங்கோண முக்கோணத்தில் செங்கோணத்துக்கு எதிரே கிடக்கும் பக்கம் கர்ணம். மூன்றில் நீளமானது அதுதான். அதன் வர்க்கம் மற்ற இரு பக்கங்களின் வர்க்கங்களைக் கூட்டினால் வருவது. தமிழ்நாட்டுப் பாடநூலில் கர்ணம். இலங்கைப் பாடநூலில் செம்பக்கம்.

வடமொழியில் கர்ணம் என்றால் செவி. கணிதத்தில் அதே சொல் மூலைவிட்டத்தையும் குறித்தது. செவ்வகத்தை மூலைக்கு மூலை வெட்டினால் இரண்டு செங்கோண முக்கோணங்கள் கிடைக்கும். வெட்டிய கோடே இரண்டுக்கும் கர்ணம். வேள்வி மேடைகளை அளக்க எழுந்த பழைய வடமொழி நூலான பௌதாயனரின் சுல்ப சூத்திரம்கூட இந்த விதியில் முக்கோணத்தைச் சொல்லவில்லை, செவ்வகத்தின் குறுக்கே கட்டும் கயிற்றைத்தான் சொல்கிறது. அந்த வரியில் கர்ணம் என்ற சொல்லும் இல்லை. புஜம், கோடி (செங்கோணத்தை உண்டாக்கும் இரு பக்கங்கள்), கர்ணம் என்ற மூன்று பெயர்களும் ஆரியபடர் எழுதிய ஆரியபடீயத்தில் சேர்ந்து வருகின்றன. கிரேக்கர் வைத்த பெயருக்கு ‘கீழே நீண்டு கிடப்பது’ என்று பொருள்; கோணத்தின் கீழே என்று கொள்க.

ஊர்க் கணக்கு எழுதிய கர்ணத்துக்கும் இதற்கும் உறவில்லை. அது கரணம் என்பதிலிருந்து வந்தது.

செம்பக்கம் நல்ல ஆக்கம். செங்கோணத்தில் உள்ள ‘செம்’தான் இதிலும் இருக்கிறது, பெயரே எந்தக் கோணத்தைப் பார்க்க வேண்டும் என்று சொல்லிவிடுகிறது. ஒரு குறை உண்டு: முதன்முறை கேட்பவர் செங்கோணத்தை உண்டாக்கும் இரு பக்கங்களையே செம்பக்கம் என்று நினைத்துவிடலாம். ‘செங்கோணத்தின் எதிர்ப்பக்கம்’ என்று ஒருமுறை விரித்துச் சொல்லிவிட்டால் போதும். ‘சாய்ந்த பக்கம்’ என்று மட்டும் சொல்லிக்கொடுக்கக் கூடாது. முக்கோணத்தைத் திருப்பி, கர்ணம் தரையில் படுக்கும்படி வரைந்தால் சாய்ந்திருப்பவை மற்ற இரண்டும்தான். மாணவர் சறுக்குவதும் அங்கேதான். கர்ணம் 13, ஒரு பக்கம் 5 என்று கொடுத்தால், எது கர்ணம் என்று பார்க்காமல் 169 + 25 = 194 என்று கூட்டிவிடுவார்கள். கழிக்க வேண்டும்: 169 − 25 = 144, விடை 12.

போதையனார் என்ற புலவர் பெயரில் இணையத்தில் சுற்றும் செய்யுள் ஒன்றும் கர்ணம் என்றே முடிகிறது. செங்கோணத்தை உண்டாக்கும் இரு பக்கங்களில் நீண்டதை எட்டாகப் பிரித்து ஒரு கூறைத் தள்ளு, குட்டைப் பக்கத்தில் பாதியைச் சேர், வருவது கர்ணம் என்பது அதன் வழி. 3, 4 என்றால் 3.5 + 1.5 = 5. 5, 12 என்றால் 10.5 + 2.5 = 13. வர்க்கமூலமே வேண்டாம் என்று பலர் இதைப் பகிர்கிறார்கள். ஆனால் சமன்பாடாக எழுதித் தீர்த்தால், பக்கங்கள் 3:4 அல்லது 5:12 என்ற விகிதத்தில் இருக்கும்போது மட்டுமே விடை அச்சாக வரும். மற்ற எல்லாம் தோராயம். 10 அடிக்கு 10 அடி அறைக்கு இந்த வழி 13.75 அடி தரும், உண்மையில் 14.14 அடி. கிட்டத்தட்ட 5 அங்குலம் குறைவு. அதை நம்பிக் கயிறு கட்டினால் மூலை 87 பாகைக்குச் சுருங்கிவிடும்.

கொத்தனார் மூலை மட்டம் பார்ப்பது முதலில் சொன்ன வர்க்க விதியைத் திருப்பிப் போட்டுத்தான். மூலையிலிருந்து ஒரு கயிற்றில் 3 அடி, இன்னொன்றில் 4 அடி குறித்து, இரண்டு குறிகளுக்கும் இடையே 5 அடி இருக்கிறதா என்று அளப்பார். கூடினால் மூலை விரிந்திருக்கிறது, குறைந்தால் சுருங்கியிருக்கிறது. இந்தச் சின்ன அளவில் டேப் தொய்ந்து அரை அங்குலம் தவறினாலே கோணம் 1 பாகை விலகும். 30 அடிச் சுவரின் மறுமுனையில் அது 6 அங்குலத்தைத் தாண்டிவிடும். 6, 8, 10 அடி என்று இரட்டித்து அளந்தால் அதே அரை அங்குலத்துக்கு விலகல் பாதிதான். இடமிருந்தால் 9, 12, 15.