வெறுங்காலில் சாக்ஸ் போட்ட மாதிரி இருக்கிறதா?

கோகுலாஷ்டமி முடிந்த அடுத்த வாரம் என் கிளினிக்கில் எப்போதும் கூட்டம் கூடும். நான் பிசியோதெரபிஸ்ட். மேற்கு மாம்பலத்தில் 18 வருஷமாகப் பார்க்கிறேன், கை, மணிக்கட்டு, விரல் என்று வருபவர்கள்தான் அதிகம். அந்த வாரம் வருபவர்களில் பெரும்பாலோர் ஐம்பதைத் தாண்டிய பெண்கள்: சீடை உருட்டியவர்கள், தட்டை தட்டியவர்கள், முக்கியமாகக் கை முறுக்கு சுற்றியவர்கள். கை முறுக்கு முழுக்க முழுக்கக் கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மூன்றின் வேலை. மாவை இழுத்து, முறுக்கேற்றி, அறுந்துவிடாமல் ஐந்து சுற்று, ஏழு சுற்று என்று வளைத்துக்கொண்டே போக வேண்டும், அதையும் தரையில் உட்கார்ந்து மணிக்கட்டை மடித்தபடி மணிக்கணக்கில் செய்ய வேண்டும்.

இரண்டு வருஷம் முன்பு அப்படி வந்த ஒரு மாமியைப் பற்றித்தான் எழுதப் போகிறேன். அவரிடம் கேட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன், அடையாளம் தெரியாதபடி சிலதை மாற்றியிருக்கிறேன்.

மாமிக்கு 61 வயது. சாக்ஸ் பின்னுகிறவர். சென்னையில் கம்பளி சாக்ஸ் யாருக்கு என்று நானும் முதலில் கேட்டேன். பள்ளிக்கூடத்தில் கைவேலை வகுப்பில் கற்றுக்கொண்டதை நாற்பது வருஷம் மறந்தே போயிருந்தாராம், மகன் டொராண்டோவில் குடியேறி அங்கே பேத்தி பிறந்ததும் மறுபடி ஊசியைக் கையில் எடுத்திருக்கிறார். அடுக்குமாடிக் குடியிருப்பில் ஒருவர் பார்த்து இன்னொருவர் கேட்டு, அப்புறம் பத்ரிநாத், கேதார்நாத் யாத்திரை போகிற குழுக்களில் இருந்தெல்லாம் ஆர்டர் வர ஆரம்பித்துவிட்டது. மாதம் நான்கைந்து ஜோடி. அதில் வரும் பணம் அவருடைய சொந்தப் பணம், அதை யாரிடமும் கணக்குச் சொல்ல வேண்டாம் என்று சொல்லும்போது அவர் முகத்தைப் பார்க்க வேண்டும்.

சாக்ஸ் பின்னுவது ஸ்வெட்டர் பின்னுவது போல இல்லை. இரண்டு முனையும் கூராக இருக்கிற மெல்லிய ஊசிகள் ஐந்து, நான்கில் கண்ணிகள், அதாவது நூல் வளையங்கள், மாட்டியிருக்கும், ஐந்தாவது சுற்றிச் சுற்றிப் பின்னிக்கொண்டே போகும். பெரியவர்கள் கால் என்றால் ஒரு சுற்றுக்குச் சுமார் 60 கண்ணி, குதிகால் வரும் இடத்தில் திருப்பிப் பின்ன வேண்டும், எண்ணிக்கை தவறினால் பிரிக்க வேண்டியதுதான். ஊசி எவ்வளவு மெல்லியதோ அவ்வளவு இறுக்கிப் பிடிப்போம். அதாவது கை முறுக்குக்கு உழைக்கும் அதே மூன்று விரல்கள்.

அவருடைய ஒரு நாளைக் கேட்டு எழுதிக்கொண்டேன், இதை எல்லோரிடமும் செய்வேன். நாலரைக்கு எழுந்து கோலம், டிகாஷன், 86 வயது மாமியாருக்குச் சுடுதண்ணீர் தூக்கிக்கொண்டு போவது, தேங்காய் துருவுவது, புளி கரைத்துப் பிழிவது, கிரைண்டர் குழவியைத் தூக்கிக் கழுவுவது, துணி அலசிப் பிழிவது. மாமியாருக்குச் சாதம் பிசைந்து ஊட்டிவிட்டு, பேரனை ஸ்கூல் வேனில் இருந்து கூட்டிக்கொண்டு வந்து, தான் சாப்பிட உட்காரும்போது மணி மூன்று. அப்புறம்தான் பின்னல், ராத்திரி சீரியல் முடியும் வரை. ஆக, 'பின்னிப் பின்னிக் கை போச்சு, நிறுத்திடு' என்று வீட்டில் எல்லோரும் சொன்னது பாதிதான் உண்மை. பின்னல் நான்கு மணி நேரம், மீதி நேரம் அந்த மணிக்கட்டு சமையலறையில் இருந்தது. அதை யாரும் கணக்கில் சேர்க்கவில்லை.

அவருக்கு இருந்தது மணிக்கட்டில் நரம்பு அழுத்தம். கார்பல் டன்னல் என்போம். மணிக்கட்டின் உள்பக்கம் எலும்புகளும் ஒரு கெட்டியான பட்டையும் சேர்ந்து குறுகலான வழி ஒன்று இருக்கிறது, அதற்குள் விரல்களை மடக்கும் 9 தசைநாண்களும் ஒரு நரம்பும் நெருக்கியடித்துக்கொண்டு போகின்றன. உள்ளே கொஞ்சம் வீங்கினாலும் மாட்டிக்கொள்வது நரம்புதான். கட்டைவிரல், ஆள்காட்டி, நடுவிரல், மோதிர விரலில் பாதி மரத்துப் போகும், சுண்டுவிரல் மட்டும் தப்பிக்கும். ராத்திரி தூக்கத்தில் எழுப்பும், கையை உதறினால் கொஞ்சம் சரியாகும். இரண்டு புறங்கைகளையும் ஒட்டவைத்து மணிக்கட்டை மடக்கி ஒரு நிமிடம் பிடிக்கச் சொன்னேன், அரை நிமிடத்திலேயே 'போதும்மா, எறும்பு ஓடறது' என்றார்.

சரி, இது நான் தினம் பார்ப்பது. கார்பல் டன்னல் என்று தெரிந்தால் நான் அடுத்துக் கேட்பது சர்க்கரை, தைராய்டு இரண்டையும்தான். இரண்டுக்கும் இதற்கும் நல்ல சம்பந்தம் உண்டு. மாமிக்கு 9 வருஷமாகச் சர்க்கரை. உடனே செருப்பைக் கழற்றச் சொன்னேன்.

"ஏம்மா, கைக்கு வந்தவளைக் காலைக் காட்டச் சொல்றயே."

காட்ட அவருக்கு மனசே இல்லை. சாக்ஸ் போட்டிருந்தார், அவரே பின்னியது, மிச்ச நூலில் தனக்கென்று செய்துகொண்டதாம். டாக்டர் நடக்கச் சொன்னதால் தினமும் சாயங்காலம் நடேசன் பூங்காவில் கான்வாஸ் ஷூ போட்டு முக்கால் மணி நேரம் நடக்கிறவர், ஷூவுக்கு உள்ளே இந்த சாக்ஸ். கழற்றினால் வலது பாதத்தின் அடியில், பெருவிரலுக்குக் கீழே, ஐந்து ரூபாய் நாணயம் அளவுக்குப் புண். நடுவில் வெள்ளையாக ஊறிப்போய், ஓரம் தடித்து. குறைந்தது பத்து நாள் ஆகியிருக்கும். அவருக்குத் தெரியவே தெரியாது. சாக்ஸை உள்பக்கம் திருப்பிப் பார்த்தேன், சரியாக அந்த இடத்தில் ஒரு முடிச்சு. ஒரு நூல் உருண்டை தீர்ந்து அடுத்ததைச் சேர்த்த முடிச்சு, மிளகு அளவுகூட இல்லை. ஆர்டருக்குப் பின்னும்போது முடிச்சே போடமாட்டாராம், நூல் முனையைக் கண்ணிகளுக்குள் நுழைத்து மறைத்துவிடுவாராம், தனக்குத்தானே என்று போட்டுவிட்டார்.

கண்ணை மூடிக்கொண்டு விரலால் தடவியே எந்தக் கண்ணி நழுவியது என்று சொல்லக்கூடியவர், அந்த முடிச்சின் மேல் பத்து நாள் நடந்திருக்கிறார். எனக்கு அன்று சாயங்காலம் வரை வேறு எதுவும் ஓடவில்லை.

10 கிராம் மோனோஃபிலமென்ட் என்று ஒரு சின்னக் கருவி உண்டு, நைலான் இழை, அது வளையும் அளவுக்குப் பாதத்தில் அழுத்தித் தெரிகிறதா என்று கேட்போம். மாமிக்கு இரண்டு பாதத்திலும் பல இடங்களில் தெரியவில்லை. எப்போதிலிருந்து இப்படி என்று கேட்டதற்கு அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "வெறுங்காலோட நிக்கறப்பவும் சாக்ஸ் போட்டுண்டு நிக்கற மாதிரி இருக்கும். நான் எப்பவும் சாக்ஸோடயே இருக்கேனோல்லியோ, அதான்னு நினைச்சேன்."

மருத்துவப் புத்தகங்களில் இந்த உணர்விழப்புக்குப் பெயரே கையுறை-காலுறை வடிவம் என்பதுதான். உடம்பிலேயே நீளமான நரம்புகள் பாதத்துக்குப் போகிறவை, சர்க்கரை முதலில் அவற்றைத்தான் கெடுக்கும். விரல் நுனியில் ஆரம்பித்துக் கணுக்கால், கெண்டைக்கால் என்று சாக்ஸ் ஏறுவது போலவே மேலே ஏறும். பொதுவாக முழங்கால் பக்கம் வந்த பிறகுதான் கை விரல்களில் தொடங்கும். அதனால் சர்க்கரை உள்ளவர்களுக்குக் கையில் மரமரப்பு என்றால் கையை மட்டும் பார்த்து அனுப்பக் கூடாது. இதற்கு முன் அவர் போன ஓர் இடத்தில் வயசாகிவிட்டது என்று சொல்லித் தைலம் மட்டும் கொடுத்து அனுப்பியிருக்கிறார்கள், செருப்பைக் கழற்றச் சொல்லவில்லை. மாமியும் காட்டவில்லை. பெரியவர்கள் முன்னால் காலைக் காட்டுவதே மரியாதை இல்லை என்று வளர்ந்தவர்கள் நாம், டாக்டர் மேஜைக்கு முன்னால் பாதத்தை நீட்ட நிறைய பேருக்குக் கூச்சம். அந்தக் கூச்சத்தைத் தயவுசெய்து விட்டுவிடுங்கள்.

வலி தெரியாததுதான் ஆபத்து என்பதை உலகத்துக்கு எடுத்துச் சொன்னவர்களில் முக்கியமான ஒருவர் நம் பக்கத்துக்காரர். கொல்லிமலையில் 1914-இல் பிறந்த டாக்டர் பால் பிராண்ட், 1946-இல் வேலூர் சி.எம்.சி.யில் சேர்ந்து தொழுநோயாளிகளின் கை கால்களுக்கு வைத்தியம் பார்த்தவர். விரல்கள் தானாக அழுகி விழுவதில்லை, உணர்வு போனதால் தெரியாமல் படும் காயங்களும் சூடும்தான் அவற்றை அழிக்கின்றன என்று காட்டினார். அவரே ஒருமுறை இங்கிலாந்தில் நீண்ட ரயில் பயணம் முடிந்து ராத்திரி சாக்ஸைக் கழற்றும்போது குதிகாலில் உணர்வில்லை என்று கண்டு, தனக்கும் தொழுநோய் வந்துவிட்டது என்று இரவு முழுக்கத் தூங்காமல் இருந்திருக்கிறார். காலையில் ஊசியால் குத்திப் பார்த்தபோது வலித்தது, வலிக்காக அவர் கடவுளுக்கு நன்றி சொன்னாராம். இன்று சர்க்கரை நோயாளிகளுக்கு நாங்கள் எழுதிக் கொடுக்கும் எம்.சி.ஆர். செருப்பு, அதாவது மெத்தென்ற ரப்பர் அடிப்பாகம் உள்ள செருப்பு, அந்தத் தொழுநோய்ப் பணியின் வழியாக வந்ததுதான்.

இந்தியாவில் சர்க்கரை நோய்க்கென்று முதல் சிகிச்சைப் பிரிவு 1948-இல் நம் சென்னை ஸ்டான்லி மருத்துவமனையில்தான் டாக்டர் எம். விஸ்வநாதன் தொடங்கினார். 2023-இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐ.சி.எம்.ஆர்.) ஆய்வின்படி நாட்டில் 10 கோடிக்கும் மேற்பட்டோருக்குச் சர்க்கரை இருக்கிறது. பாதத்தைப் பார்க்கச் சொல்லித்தரப்பட்டவர்கள் அதில் எத்தனை பேர் என்பதுதான் என் கவலை.

மாமியை அன்றே அவருடைய சர்க்கரை டாக்டரிடம் அனுப்பினேன். மூன்று மாதச் சர்க்கரை, அதாவது எச்பிஏ1சி, 9-ஐத் தாண்டியிருந்தது, ரொம்ப அதிகம். வைட்டமின் பி12-உம் குறைவு. சுத்த சைவம், பல வருஷமாக மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை மாத்திரை, இரண்டும் சேர்ந்தால் பி12 குறைய வாய்ப்பு அதிகம், அந்தக் குறைவும் நரம்பைக் கெடுக்கும். மாவு புளித்தால் பி12 வந்துவிடும் என்று சிலர் சொல்வதை நம்பி இருந்துவிடாதீர்கள், ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். அதற்காக மாத்திரையை நீங்களாக நிறுத்தவும் வேண்டாம்.

சாப்பாட்டைப் பற்றிப் பேசும்போதுதான் மாமி அழுதுவிட்டார். சனிக்கிழமை ஒரு பொழுது, ஏகாதசி, அமாவாசை, புரட்டாசி என்று விரதத்திலேயே வளர்ந்தவர், 'நான் பாதி நாள் சாப்பிடறதே இல்லையே, எனக்கு எப்படி ஏறும்' என்பதுதான் அவர் கேள்வி. நியாயமான கேள்வி. நம் விரதத்தில் சாதம்தான் கிடையாது, பலகாரம் உண்டு. ராத்திரி ரவை உப்புமா, ஜவ்வரிசிக் கிச்சடி, அவல், மேலே வெல்லம் போட்ட பாயசம் ஒரு கிண்ணம். சர்க்கரைக்கு இதெல்லாம் சாதத்துக்குச் சமம்தான், ஜவ்வரிசி சுத்த மாவுச்சத்து. வெல்லம், நாட்டுச் சர்க்கரை, பனங்கற்கண்டு எதுவும் விதிவிலக்கு இல்லை. இன்னொரு பக்கம், சில சர்க்கரை மாத்திரைகளும் இன்சுலினும் எடுப்பவர்கள் மாத்திரையைப் போட்டுவிட்டு மூன்று மணி வரை சாப்பிடாமல் இருந்தால் சர்க்கரை கிடுகிடுவென்று இறங்கி மயக்கமே வரலாம். விரதத்தை விடச் சொல்லி நான் யாரிடமும் சொல்வதில்லை, சொன்னாலும் கேட்கமாட்டார்கள், கேட்கவும் வேண்டாம். விரத நாட்களின் பட்டியலை எடுத்துக்கொண்டு டாக்டரிடம் போய் அன்றைக்கு மாத்திரை எப்படி என்று முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். மாமியாருக்குச் சாதம் போடும் அதே நேரத்தில் தனக்கும் தட்டு வைத்துக்கொள்வது என்பது மாமிக்கு எழுதிக் கொடுத்த முதல் மருந்து. முதலில் கறியும் கூட்டும், பிறகு அளவாகச் சாதம். பட்சணம் சாமிக்கு நைவேத்யம் ஆன பிறகு ஒன்று, மீதி பக்கத்து வீடுகளுக்கு.

புண்ணுக்கு ஏழு வாரம் ஆனது. அதுவரை நடை கிடையாது, அந்தக் காலில் எடை ஏறாதபடி சிறப்புச் செருப்பு. மகளும் மருமகனும் மாமியார் வேலையைப் பிரித்துக்கொண்டார்கள், அவர்களுக்கும் அது எளிதாக இல்லை. கைக்கு ராத்திரியில் மணிக்கட்டை நேராக வைக்கும் பட்டை. ஊசி ஐந்துக்குப் பதிலாக நடுவில் வளையும் கயிறு உள்ள மூங்கில் ஊசி, பின்னலின் எடை மடியில் உட்கார்ந்துவிடும், விரலுக்குப் பிடிமானம் குறையும். 20 நிமிடத்துக்கு ஒருமுறை கீழே வைத்துவிட்டு விரலை விரிக்க வேண்டும். துணியை மெஷினில் பிழியவிடுவது, குழவியை வீட்டில் வேறு யாராவது தூக்குவது. எல்லோருக்கும் இது போதாது. கையிலிருந்து டம்ளர் நழுவுகிறது, கட்டைவிரலுக்கு அடியில் இருக்கும் சதைமேடு வற்றுகிறது என்றால் தாமதிக்காமல் நரம்புப் பரிசோதனைக்குப் போக வேண்டும், சிலருக்கு ஊசியோ சின்ன அறுவை சிகிச்சையோ தேவைப்படும்.

காலுக்கு நான் எல்லோரிடமும் கெஞ்சுவது: ராத்திரி படுக்கும் முன் பாதத்தின் அடியைப் பாருங்கள். குனிய முடியாவிட்டால் முகம் பார்க்கும் கண்ணாடியைத் தரையில் வையுங்கள், பேரக்குழந்தையைக் கூப்பிடுங்கள், அதுகள் ரொம்ப அக்கறையாகப் பார்க்கும். கால் எரிகிறது என்று வெந்நீரில் காலை வைக்காதீர்கள், சூடு தெரியாமல் வெந்துபோய் வந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். கால் ஆணியைப் பிளேடால் சீவாதீர்கள். வீட்டுக்குள்ளும் செருப்பு வேண்டும், பூஜை அறைக்கும் அடுக்களைக்கும் என்று தனியாக ஒரு ஜோடி வைத்துக்கொள்ளலாம். வெயிலில் கோயில் பிரகாரக் கல் என்னமாய்க் கொதிக்கும் என்று உங்களுக்கே தெரியும், அதனால் விடியற்காலையோ இருட்டிய பிறகோ போங்கள். திருவண்ணாமலையில் 14 கிலோமீட்டர் வெறுங்காலோடு சுற்ற நேர்ந்துகொண்டவர்கள், நேர்ந்துகொள்ளும் முன் பாதத்தைப் பரிசோதித்துக்கொள்ளுங்கள். சாக்ஸ் போட்டால் வெளிர் நிறம் நல்லது, கசிவு இருந்தால் கறை தெரியும். மேல் பட்டை இறுக்கி கெண்டைக்காலில் தடம் விழக் கூடாது. போடும் முன் உள்ளே கையை விட்டுத் தடவிப் பாருங்கள். ஒரு கால் மட்டும் வீங்கிச் சூடாக இருந்தால், வலியே இல்லாவிட்டாலும், அன்றே டாக்டரிடம் போங்கள்.

வெளியே போக முடியாதவர்களுக்கு, 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகள் வீட்டுக்கே வருகின்றன, பிசியோதெரபியும் உண்டு. வருகிறவர்களிடம் பாதத்தையும் காட்டிவிடுங்கள்.

போன ஆவணியில் மாமி வீட்டில் கை முறுக்கு மாமி சுற்றியது ஐந்தே ஐந்து, மீதியை மகளும் பேரனும் கோணலும் மாணலுமாகச் சுற்றினார்களாம், ஒரு டப்பா எனக்கும் வந்தது. போன வாரம் வந்தபோது நாற்காலியில் உட்காரும் முன்பே செருப்பைக் கழற்றிவிட்டு, "முதல்ல இதைப் பாரு, அப்புறம் கையைப் பாக்கலாம்" என்றார். பழைய புண் இருந்த இடம் நன்றாக இருந்தது. இடது குதிகாலில் புதிதாக ஒரு வெடிப்பு, மெல்லிசு, ரத்தம் இல்லை. களிம்பு எழுதிக் கொடுத்து, விரல் இடுக்கில் மட்டும் தடவாதீர்கள் என்று சொல்லி, பத்து நாளில் மறுபடி வரச் சொல்லியிருக்கிறேன்.