நியூட்: நிர்வாணமா, அம்மணமா, மேனியா?

'ரிக்லைனிங் நியூட்' என்ற ஓவியத் தலைப்பைத் தமிழாக்கச் சொன்னால் பெரும்பாலும் வந்து விழுவது 'சாய்ந்த நிர்வாணம்'. சொல்லுக்குச் சொல் வைத்தாயிற்று. ஆனால் மூன்று பிழை உள்ளே இருக்கிறது. படத்தில் இருப்பவர் சாயவில்லை, படுத்திருக்கிறார். நிர்வாணம் என்பது ஒரு நிலையின் பெயர், கலை வகையின் பெயர் அன்று. மூன்றாவது, அந்தச் சொல்லின் பழைய பொருள் வீடுபேறு. வீடுபேறு எங்கே போய்ச் சாய்வது?

நான்கு ஆட்சிமொழிகள் உள்ள சிங்கப்பூரில் கண்காட்சிக் குறிப்பு, நாளிதழ்ச் செய்தி, மாணவரின் கலைக் கட்டுரை என எங்காவது ஓரிடத்தில் 'நியூட்' என்ற சொல்லுக்குத் தமிழ் தேவைப்பட்டுக்கொண்டே இருக்கிறது. ஆளுக்கொன்றாக எழுதுகிறார்கள். எந்தச் சொல் எங்கே பொருந்தும் என்று பார்க்கலாம்.

முதலில் ஆங்கிலச் சொல். 'நியூட்' லத்தீன் 'நூடுஸ்' என்பதிலிருந்து வந்தது. ஆங்கிலத்துக்கு ஏற்கெனவே சொந்தமாக 'நேக்கட்' என்ற சொல் இருந்தது. இரண்டுக்கும் அகராதிப் பொருள் ஒன்றே: ஆடையற்ற. ஆனால் கலை விமர்சகர்கள் நாளடைவில் வேலையைப் பிரித்துக் கொடுத்துவிட்டார்கள்: உடுத்தியிருந்ததைக் களைந்து நிற்பவர் நேக்கட், உடலையே பொருளாகக் கொண்டு தீட்டப்பட்ட படைப்பு நியூட். நிலக்காட்சி, உருவப்படம் என்பவைபோல நியூட் என்பதும் ஒரு வகைப்பெயர்.

பிரிவு எவ்வளவு கூர்மையானது என்பதற்குப் பாரிஸில் 1865இல் எழுந்த சண்டையே சான்று. பிரெஞ்சு ஓவியர் எத்துவார் மனே 1863இல் தீட்டிய 'ஒலிம்பியா' என்ற படம் 1865ஆம் ஆண்டுக் கண்காட்சியில் வைக்கப்பட்டதும் கூச்சல் கிளம்பியது. படுத்திருக்கும் நிலை புதிதல்ல. பதினாறாம் நூற்றாண்டில் இத்தாலிய ஓவியர் டிஷியன் தீட்டிய, இப்போது ஃபுளோரன்ஸில் இருக்கும் வீனஸின் நிலைதான். வேறுபாடு சின்னச் சின்னப் பொருள்களில் இருந்தது: கழுத்தில் ஒரு கறுப்பு நாடா, கையில் காப்பு, காலில் செருப்பு, பார்ப்பவரை நேராகப் பார்க்கும் கண். டிஷியனிடம் தெய்வத்தின் மேனியைக் கண்டவர்கள், மனேயிடம் தங்கள் ஊரில் வாழும் ஒரு பெண் துணியில்லாமல் இருப்பதைக் கண்டார்கள். ஒன்று நியூட், மற்றது நேக்கட். ஆடையின் அளவு இரண்டிலும் கிட்டத்தட்ட ஒன்றே.

கிரேக்கத்தில் ஆடையற்றவனுக்குச் சொல் 'கும்னோஸ்'. ஆடையின்றி உடற்பயிற்சி செய்த இடம் கும்னாசியோன். அதன் தலையை மட்டும் எடுத்துத்தான் இன்று 'ஜிம்' என்கிறோம். இந்தியாவில் கண்ட ஆடையற்ற துறவிகளையும் கிரேக்கர்கள் இதே சொல்லை வைத்து 'கும்னோசோபிஸ்ட்' என்று குறித்தார்கள். அந்தத் துறவிகள்தாம் தமிழ்ச் சொற்களின் கதையிலும் வருகிறார்கள்.

'நிர்வாணம்' என்பதன் வடமொழி மூலப்பொருள் அணைந்துபோதல், ஊதி அணைத்த விளக்கின் நிலை. அதில் துணிக்கு வேலையே இல்லை. பௌத்தரும் சமணரும் வினை அற்று வீடுபெறுவதைக் குறிக்க இதை ஆண்டார்கள். சைவத்தில் சமய தீட்சை, விசேட தீட்சைக்குப் பின் வரும் நிருவாண தீட்சையிலும் அந்தப் பொருள்தான். வீடுபேற்றை நாடி ஆடையைத் துறந்த திகம்பரத் துறவியின் கோலத்தைப் பார்த்துப் பார்த்து, தமிழில் சொல்லின் பொருள் குறிக்கோளிலிருந்து கோலத்துக்கு இடம் மாறிவிட்டது. 'அம்மணம்' இன்னும் நேர்வழி. சிரமணர் (துறவியர்) தமிழில் அமணர் ஆனார்; அமணரின் நிலை அம்மணம் என்று அகராதிகள் வழி காட்டுகின்றன. திகம்பரம் என்றால் திசையே ஆடை. ஆக, நாம் அன்றாடம் புழங்கும் சொற்கள் துறவிகள் விட்டுச்சென்றவை. உடலை வேண்டாம் என்று வைத்தவர்களின் சொல்லால் உடலைக் கொண்டாடும் கலைக்குப் பெயர் வைத்தால் இடறத்தான் செய்யும்.

'நக்கன்' என்றும் ஒரு சொல் உண்டு. வடமொழி 'நக்ன' என்பதன் தமிழ் வடிவம். தேவாரத்தில் சிவனுக்குப் பெயர். தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டில், கோயில் பணிக்கு அமர்த்தப்பட்ட தளிச்சேரிப் பெண்டுகளின் பெயர்களுக்கு முன்னால் 'நக்கன்' என்று வரும். அது ஆடையைப் பற்றியதல்ல, இறைவனுக்கு உரியவர் என்பதன் அடையாளம். இன்று இதைப் பொதுவழக்குக்குக் கொண்டுவர முடியாது. 'நக்கல்' வந்து குறுக்கே நிற்கும்.

இனி மேனி. 'பிறந்தமேனி' என்ற வழக்கு எல்லாருக்கும் தெரியும். ஆடையின்மையைச் சொல்லும்போதும் அதில் இழிவோ துறவோ இல்லை. மேனி என்றால் உடல் மட்டுமல்ல: வடிவம், நிறம், அழகு எல்லாம் அதற்குள் அடங்கும். உடல், உடம்பு, யாக்கை, மெய், ஆகம் என்று தமிழில் உடலுக்குச் சொல் நிறைய உண்டு. அவற்றில் பார்ப்பவர் கண்ணுக்குத் தெரியும் உடல் என்ற பொருள் மேனிக்கே உரியது. யாக்கை என்றால் கட்டப்பட்டது; நிலையாமை பேச வசதியான சொல். 'மெய் ஓவியம்' என்றால் உண்மையான ஓவியம் என்று படிப்பார்கள். சங்கப் பாட்டில் தளிருக்கு ஒப்பாவது மேனிதான். சுந்தரர் 'பொன்னார் மேனியனே' என்று தொடங்கி அடுத்த மூச்சில் அரையில் கட்டிய புலித்தோலைச் சொல்கிறார். மேனி வேறு, அதன்மேல் அசைத்த ஆடை வேறு என்ற பிரிப்பு அங்கேயே இருக்கிறது.

எல்லாவற்றுக்கும் மேலான சான்று 'செப்புத் திருமேனி'. செம்பில் வார்த்த மனித வடிவத்துக்கு வேறெந்தச் சொல்லையும் தேடாமல் மேனி என்றே பெயர் வைத்தவர்கள் நாம். ஆகவே நியூட் என்ற கலை வகைக்கு 'மேனி ஓவியம்', 'மேனிச் சிற்பம்' என்பவை புதிதாகக் காய்ச்சிய சொற்கள் அல்ல; திருமேனியிலிருந்து 'திரு'வைக் கழித்தால் கிடைப்பவை. (குப்பைமேனியையும், வயலில் விளைச்சலைக் கணிக்க 'மேனி' பார்ப்பதையும் சொல்லிச் சிலர் மறுக்கக்கூடும். பக்கத்தில் ஓவியம் என்று வந்துவிட்டால் எவரும் கீரையை நினைக்கமாட்டார்கள்.)

திருமேனி என்றதும் ஒரு தவறான எண்ணத்தைத் திருத்த வேண்டியிருக்கிறது. சோழர் கால உமையின் செப்புத் திருமேனியைப் பார்ப்பவர்கள் அதில் ஆடையே இல்லை என்று நினைத்துவிடுவார்கள். கிட்டப் போய், தொடையின் பக்கவாட்டில் பார்வையைத் தாழ்த்திப் பாருங்கள். துணியின் மடிப்பு மெல்லிய கோடுகளாகச் செதுக்கப்பட்டிருக்கும். கணுக்காலுக்குச் சற்று மேலே விளிம்புக் கோடு ஓடி முடியும். இடுப்பில் மேகலையின் முடிச்சு தெரியும். வார்ப்பதற்கு முன் செய்யும் மெழுகு உருவில் துணியைத் தடிப்பாக ஏற்றாமல் கோட்டால் மட்டும் காட்டுவது சிற்பியின் தேர்வு. வழிபாட்டில் தேய்ந்த திருமேனிகளில் அந்தக் கோடு மழுங்கிவிடுவதால் வெற்றுடல்போலத் தோன்றும். மார்பில் துணி இல்லாதது அக்கால உடை வழக்கு. உண்மையில் ஆடையே இல்லாத சைவ வடிவங்கள் சில உண்டு. பிச்சையேற்கும் கோலத்துச் சிவனான பிட்சாடனர் அவற்றில் தலையாயவர். இடுப்பில் பாம்பு, காலில் பாதக்குறடு, பக்கத்தில் துள்ளும் மான், பலிப் பாத்திரம் ஏந்திய பூதம் இவற்றை வைத்து அடையாளம் காணலாம்.

இதே குழப்பம் சிங்கப்பூர்ச் சுவரிலும் உண்டு. பெல்ஜிய ஓவியர் லெ மேயர் பாலியில் தீட்டிய படங்களை 1933இல் இங்கே காட்சிக்கு வைத்தார். 1952இல் சிங்கப்பூர் ஓவியர்கள் லியூ காங், சென் வென் சி, சியோங் சூ பியெங், சென் சோங் ஸ்வீ நால்வரும் பாலிக்குப் போய் வந்தார்கள். சீன, மேற்கத்திய முறைகளைக் கலந்து இவ்வட்டாரக் காட்சிகளைத் தீட்டிய நன்யாங் பாணி என்று சொல்லப்படுவதில் அந்தப் பயணத்துக்குப் பெரிய பங்கு. அன்றைய பாலியில் பெண்கள் இடுப்பில் கைலிபோலத் துணி கட்டி மேலே துணியில்லாமல் நடமாடுவது வழக்கம். அப்படி உடுத்தியிருக்கும் ஒருத்தியை 'நிர்வாணப் பெண்' என்று எழுதுவது தகவல் பிழை. 'பாலிப் பெண்' என்று எழுதினால் போதும்.

மேனி வரைதல் என்றால் சிங்கப்பூரில் நமக்கு முதலில் நினைவுக்கு வரவேண்டிய பெயர் தமிழ்ப் பெயர்: எஸ். நமசிவாயம். 1926இல் பிறந்தவர், ஓவிய ஆசிரியர், மேனி வரைதலை முன்னிறுத்திய 'குரூப் 90' குழுவைத் தொடங்கியவர்களில் ஒருவர். சிற்பத்தில் இங் எங் தெங். முண்ட உடலையும் (தலை, கை, கால் நீங்கலான உடல்) முகத்தையும் ஒன்றில் ஒன்றாக்கிய அவருடைய படைப்புகளை சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தின் (என்யுஎஸ்) அருங்காட்சியகத்தில் காணலாம்.

வகுப்பறைக்கு வருவோம். 'லைஃப் டிராயிங்' என்பதை 'உயிரோவியம்' என்று எழுதுவது உண்டு. தவறு; தத்ரூபமான எந்தப் படத்தையும் உயிரோவியம் என்று பாராட்டுகிறோமே. எதிரில் ஓர் ஆளை இருத்தி வரைவதுதான் இது. 'ஆளிருத்தி வரைதல்' என்றால் செய்யும் வேலை அப்படியே விளங்கும். மாடல் என்பவரை மாடல் என்றே விடலாம். 'அழகி' என்று எழுதுவதை மட்டும் நிறுத்த வேண்டும். வகுப்புக்கு எழுபது வயது ஆணும் மாடலாக வருவார்.

வகுப்பின் நடைமுறை தெரிந்தால்தான் சொற்களும் சரியாக விழும். முதலில் அரை நிமிடம், ஒரு நிமிடம், இரண்டு நிமிடம் என்று விரைநிலைகள்; கை சூடேறுவதற்காக. பிறகு ஐந்து, பத்து, இருபது நிமிடம். நெடுநிலையானால் இருபது இருபத்தைந்து நிமிடத்துக்கு ஒருமுறை இடைவேளை. மாடல் எழுவதற்கு முன்பே பாதம், கை, இடுப்பு இருந்த இடங்களில் ஒட்டுநாடாவால் குறியிட்டுவிட வேண்டும். குறியிட மறந்தால் அடுத்த சுற்றில் இடுப்பு இரண்டு விரல் நகர்ந்திருக்கும், வரைந்த பாதி வீண். வெளிச்சம் ஒரே பக்கமிருந்து வரவேண்டும். கூரை விளக்குகள் எல்லாம் எரிந்தால் நிழல் சிதறி உடல் தட்டையாகிவிடும். நம் ஊரில் இன்னொரு தொல்லை குளிரூட்டி. உடுத்தியிருப்பவருக்கு இதமான குளிர், அசையாமல் வெற்றுடம்போடு இருப்பவருக்குத் தசையை இறுக்கி நடுக்கத்தைக் கொண்டுவரும். குளிரைக் குறைத்து வைப்பதும், காற்று நேராக மேலே படாத இடத்தில் மேடையைப் போடுவதும் மரியாதை மட்டுமல்ல, படத்துக்கும் நல்லது. கைப்பேசி வெளியே வரக்கூடாது. இடைவேளையில் மாடல் அங்கியை அணிந்துகொள்வார்.

புதியவர்களின் பிழை எப்போதும் ஒரே மாதிரி: தலை பெரிது, பாதம் தாளுக்கு வெளியே. முகத்தில் கண் நிலைத்துவிடுவதால் தலை வளர்ந்துவிடுகிறது. மேற்கத்திய வகுப்பில் தலையை அலகாக வைத்து முழு உயரம் ஏழரைத் தலை என்பார்கள். வீர உருவங்களுக்கு எட்டு. நம் சிற்பிகளிடம் தாலமானம் என்ற உடலளவு முறை உண்டு. முதன்மைத் தெய்வங்களுக்கு உரிய உத்தம தசதாலத்தில் முழு உயரம் 124 அங்குலி (அந்த முறையின் சிறு அலகு). தேவியருக்கு உரிய மத்திம தசதாலத்தில் 120. உத்தம தசதாலத்தில் தொடை 27, முழங்கால் 4, கணைக்கால் 27, பாதம் 4: கூட்டினால் 62, அதாவது சரிபாதி. மேற்கத்திய வகுப்பிலும் உடலின் நடுப்புள்ளி அதே இடத்தில், கால்கள் பிரியும் இடத்தில், விழுகிறது. செப்புத் திருமேனி வார்க்கும் சுவாமிமலையில் இந்த அளவைத் தென்னை ஓலை நறுக்கை மடித்து மடித்தே குறித்துக்கொள்வார்கள். எண் பொறித்த அளவுகோலே தேவையில்லை.

அடுத்த பிழை எடை. ஒரு காலில் எடையைப் போட்டு நிற்கும் நிலையை இத்தாலியச் சொல்லால் 'கான்ட்ரபோஸ்டோ' என்கிறார்கள். தமிழில் 'எதிர்நிலை' என்று எழுதியிருந்தால் பொருள் விளங்காது. சிற்ப நூல்களின் ஆபங்கம் (உடல் சற்றே வளைந்து நிற்பது) இதற்கு மிக நெருக்கம். வளைவு கூடினால் திரிபங்கம். எடை தாங்கும் காலுக்கு 'ஊன்றுகால்', மற்றதற்கு 'தளர்கால்' என்றால் தீர்ந்தது. ஊன்றுகால் பக்கம் இடுப்பு உயரும், அதே பக்கம் தோள் தாழும். கழுத்துக்குழியிலிருந்து தூக்குநூல் விட்டால் அது ஊன்றுகாலின் உட்கணுக்காலை ஒட்டி இறங்க வேண்டும். இறங்காவிட்டால் படத்தில் இருப்பவர் விழப்போகிறார் என்று பொருள்; எவ்வளவு நிழல் தீட்டினாலும் அது சரியாகாது.

நிலைகளுக்குப் பெயர் நம் கோயில்களில் தயாராக இருக்கிறது: நின்ற கோலம், இருந்த கோலம், கிடந்த கோலம். பெருமாளுக்கு வைத்த பெயர் என்று தயங்க வேண்டியதில்லை, கோலம் பொதுச்சொல். 'ரிக்லைனிங் நியூட்' 'கிடந்தகோல மேனி' ஆகும். 'கிடந்த மேனி' என்று மட்டும் எழுதினால் பிணம்போல ஒலிக்கும், ஆகவே 'கோல'த்தை விட்டுவிடக்கூடாது. 'டார்சோ' என்பதற்குச் சரியான பழைய சொல் முண்டம்தான். மேலே இங் எங் தெங்கைப் பற்றி எழுதும்போது அதைத்தான் ஆண்டிருக்கிறோம், ஆனால் 'உடல்' சேர்த்து. 'பெண் முண்டம்' என்று அட்டையில் தனியாக எழுதினால் வாசகர் திட்டாகவே எடுத்துக்கொள்வார். 'நடுவுடல்' பாதுகாப்பானது.

மேனியை எல்லா இடத்திலும் போட்டுவிடவும் கூடாது. கண்காட்சி வாசலில் வைக்கும் அறிவிப்பில் 'மேனி ஓவியங்கள் உள்ளன' என்றால் பிள்ளைகளோடு வரும் பெற்றோருக்கு வேண்டிய தகவல் போய்ச் சேராது. அங்கே 'ஆடையற்ற உருவங்கள் இடம்பெற்றுள்ளன' என்பதே சரி. உடற்கூறு, மருத்துவப் படங்களுக்கு 'வெற்றுடல்'. சமணத் தீர்த்தங்கரர் சிற்பத்துக்கு 'திகம்பரக் கோலம்'. அங்கே ஆடையின்மை சமயக் கொள்கை, மேனியழகு அல்ல. செய்தியில் ஒருவர் தெருவில் துணியில்லாமல் ஓடினார் என்றால் அம்மணம், நிர்வாணம் இரண்டில் எதுவும் ஆகலாம். ஆபாசம் என்பது இந்த வரிசையிலேயே சேராது. முழுக்க உடுத்திய படமும் ஆபாசமாக இருக்கலாம்.