குத்தகைக்கு விட்டாலும் பொறுப்பு விடாது

மலேசியாவின் சுங்கை சிப்புட் போன்ற தோட்டப்புற நகரில் கோயில் திருப்பணி என்றால் முதலில் முடிவாவது குடமுழுக்கு நாள். பிறகுதான் குத்தகையாளர் வருவார். பேரம் பேசும்போது இரும்புச் சாரத்துக்கும் பாதுகாப்பு வலைக்கும் போட்ட தொகைதான் முதலில் வெட்டுப்படும். கடை முதலாளி பின்கட்டில் கிடங்கு எழுப்பினாலும் இதே கதைதான். வேலையை ஒப்படைத்தாயிற்று, இனி அவர் பாடு என்று நினைக்கிறோம்.

சட்டம் அப்படி நினைக்கவில்லை. 1994ஆம் ஆண்டின் வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டத்தில் செய்த திருத்தங்கள் 2024 ஜூன் 1 முதல் நடப்பில் உள்ளன. புதிய 18ஏ பிரிவின்படி, தம் தொழிலின் பொருட்டு வேலையைக் குத்தகைக்கு விடுபவர் குத்தகையாளர், துணைக் குத்தகையாளர், அவர்களுடைய ஆட்கள் ஆகியோரின் பாதுகாப்புக்கு இயன்றதைச் செய்தாக வேண்டும். ஒரு நிபந்தனை உண்டு: வேலையை எப்படிச் செய்வது என்பதை அவரே பணித்திருக்க வேண்டும். "சாரம் எதற்கு, ஏணி போதும்" என்று முதலாளி வாய்விட்டால் அவரும் இந்தப் பொறுப்புக்குள் வந்துவிடுகிறார். மீறினால் 5 லட்சம் வெள்ளி (ரிங்கிட்) வரை அபராதம், 2 ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டும்.

கட்டுமானத்துக்கென்றே டோஷ் எனப்படும் வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரத் துறை 2017இல் 'ஓஷ்சிம்' என்ற கட்டுமானப் பாதுகாப்பு மேலாண்மை வழிகாட்டியை வெளியிட்டது. கட்டடம் யாருக்காக எழும்புகிறதோ அவரிடமிருந்தே அது தொடங்குகிறது. போதிய காலமும் பணமும் ஒதுக்குவது அவர் கடமை. குடமுழுக்குத் தேதிக்காக மழையிலும் ஆட்களைக் கோபுரத்தில் ஏற்றும் குழுக்கள் இந்த வரியை இருமுறை படிக்கலாம்.

இடத்தைப் பற்றித் தெரிந்ததையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். பழைய மடப்பள்ளிக் கூரை ஆஸ்பெஸ்டாஸ் தகடா, தெனாகா மின்வாரியத்தின் மின்கம்பி எவ்வளவு அருகில் போகிறது, மூடிய கழிவுத்தொட்டி எங்கே இருக்கிறது என்பதெல்லாம் வெளியூரிலிருந்து வரும் குத்தகையாளருக்கு எப்படித் தெரியும்? உள்ளூர் பெரியவர் ஒருவரை அழைத்து, வளாகத்தைச் சுற்றி நடந்து, எழுதிக் கொடுத்துவிடுங்கள். ஒன்றுக்கு மேற்பட்ட குத்தகையாளர்கள் இருந்தால் வடிவமைப்புக்கும் தளத்துக்கும் தலைமைப் பொறுப்பாளர்களை எழுத்துமூலம் நியமிக்க வேண்டும். பாதுகாப்புத் திட்டம் கைக்கு வராமல் வேலை தொடங்கக் கூடாது.

கையொப்பமிடும் முன் சிஐடிபி எனப்படும் கட்டுமானத் தொழில் மேம்பாட்டு வாரியத்தின் பதிவு, ஆட்கள் அந்த வாரியத்தில் பதிந்ததற்கான பச்சை அட்டை, பெர்கேசோ எனப்படும் தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு நிறுவனத்தின் சந்தா ரசீது மூன்றையும் கேளுங்கள். அந்நியத் தொழிலாளருக்கும் பெர்கேசோ உண்டு. கேட்டால் முகம் சுளிப்பவருக்கு வேலையைக் கொடுக்காதீர்கள்.

வேலை முடிந்ததும், கட்டடத்தின் பாதுகாப்பு விவரங்கள் அடங்கிய கோப்பை வாங்கிப் பத்திரப்படுத்துங்கள். அடுத்த திருப்பணிக்குக் கூரை ஏறுபவருக்கு அது தேவைப்படும்.