பிளேடு புதுசுதான், மெஷின்?

ஆவணி முகூர்த்தம் நெருங்க நெருங்க அதே கழுத்துகள் மறுபடி வர ஆரம்பித்துவிட்டன. பிடரியில், முடி முடியும் கோட்டுக்குச் சற்றுக் கீழே, ஒரு ரூபாய் அளவில் வட்டம். ஓரம் சிவந்து பொடிப்பொடியாகத் தடித்திருக்கும், நடுவில் தோல் தெளிந்திருக்கும், வியர்த்தால் அரிப்பு தாங்காது. படர்தாமரை. கடைசியாக எங்கே முடி வெட்டினீர்கள் என்று கேட்டால் பதில் தயாராக இருக்கிறது: "புது பிளேடுதான் அண்ணாச்சி போட்டாவ, நான் பாத்துக்கிட்டுதான இருந்தேன்."

படர்தாமரை வீட்டுத் துண்டிலும் வரும், ஹாஸ்டல் தலையணையிலும் வரும். எல்லாப் பழியையும் சலூன்மேல் போட முடியாது. ஆனால் வட்டம் சரியாக ட்ரிம்மர் கோடு போட்ட இடத்திலேயே வந்தால் நம் மெஷினை நாம் சந்தேகப்பட்டுத்தான் ஆக வேண்டும். தொழில் பழக வந்திருக்கும் தம்பி தங்கைகள் இதைக் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

புது பிளேடு என்ற பழக்கம் நம் கடைகளுக்குச் சும்மா வரவில்லை. 1986இல் இந்தியாவில் முதன்முதலாக எச்.ஐ.வி. கண்டறியப்பட்டது சென்னையில்தான். அதற்குப் பின் நடந்த பிரசாரத்தில் 'சவரத்துக்குப் புது பிளேடு கேளுங்கள்' என்பது எல்லோர் மனதிலும் பதிந்தது. நல்ல பழக்கம், அது தொடரட்டும். சிக்கல் என்னவென்றால், உறையைப் பிரித்து பிளேடைப் பாதியாக ஒடித்துக் கத்தியில் செருகுவதைக் கண்ணால் பார்த்ததும், வாடிக்கையாளருக்கும் நமக்கும் சுத்தம் என்ற விஷயமே அங்கே முடிந்துவிடுகிறது.

யோசித்துப் பாருங்கள். இன்றைய கட்டிங்கில் அந்தப் பாதி பிளேடு தோலைத் தொடுவது எத்தனை நேரம்? கிருதா ஓரம், காதுக்குப் பின்னால், பிடரிக் கோடு. இரண்டு மூன்று நிமிடம். ஃபேடு (கீழே தோலோடு ஒட்டி, மேலே போகப் போக நீளம் கூடும் வெட்டு) வெட்டும் தலையில் மெஷினும் ட்ரிம்மரும் தோலோடு உரசிக்கொண்டு இருப்பது கால் மணி நேரத்துக்குக் குறையாது. பிளேடு ஒருவருக்கு ஒன்று. மெஷின் காலையிலிருந்து இரவு வரை எல்லோருக்கும் ஒன்று. பிளேடு மாற்றியதால் மெஷின் சுத்தமாகாது. சீப்பும் ஆகாது, கழுத்தில் கட்டும் துணியும் ஆகாது, பிரஷ்ஷும் ஆகாது. இதைத் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருப்பதுதான் எரிச்சல்.

சந்தேகம் இருந்தால் உங்கள் மெஷினின் பிளேடைப் பிடித்திருக்கும் இரண்டு திருகாணியையும் கழற்றிப் பாருங்கள். மெத்தை மாதிரி சாம்பல் நிறத்தில் ஒன்று ஒட்டியிருக்கும். பொடி முடி, எண்ணெய்ப் பிசுக்கு, தோல் செதில். படர்தாமரைப் பூஞ்சையின் வித்துகள் உதிர்ந்த முடியிலும் செதிலிலும் மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும். மேலே எவ்வளவு ஸ்பிரே அடித்தாலும் அந்த மெத்தைக்கு உள்ளே இறங்காது.

அடுத்தது ஜீரோ கேப். வீடியோ பார்த்துவிட்டு, மெஷின் வாங்கிய அன்றே திருகாணியைத் தளர்த்தி மேல் பிளேடைக் கீழ் பிளேடின் நுனிவரை தள்ளிவிடுகிறார்கள். கீழ் பிளேடு அசையாது. அது தோலுக்குக் காவல். மேல் பிளேடுதான் ஓடி ஓடி வெட்டும். கட்டிங் மெஷினில் ஓடும் பல்லின் நுனி, நிற்கும் பல்லின் நுனியிலிருந்து சுமார் முக்கால் மில்லிமீட்டர் உள்ளே தள்ளியிருக்க வேண்டும். இரண்டும் ஒரே கோட்டில் வந்தாலே கீறும், தாண்டினால் வெட்டும். ஒரு ஓரம் சரியாக இருந்து மறு ஓரம் சாய்ந்திருந்தாலும் அதே கதிதான். அந்தக் கீறலில் பாதிக்கு மேல் ரத்தம் தெரியாது. வியர்வை பட்டு எரியும்போதுதான் ஆளுக்கே தெரியும். பூஞ்சை நுழைய அவ்வளவு போதும். பழகும் காலத்தில் கம்பெனி வைத்த இடைவெளியில் கை வைக்காதீர்கள். கழற்றி மாட்டினால் வெளிச்சத்துக்கு நேரே பிடித்து இரண்டு பல் வரிசையும் இணையாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, துடைத்து, முதலில் உங்கள் முன்கையில் ஓட்டிப் பாருங்கள்.

கீறலுக்கு இன்னொரு காரணம் அழுத்தம். எண்ணெய் போடாத பிளேடு முடியை வெட்டாமல் பிடித்து இழுக்கும். இழுத்தால் கை தானாக அழுத்தும். அழுத்தினால் பல் தோலில் பதியும். பிளேடின் இரண்டு ஓரத்தில் ஒவ்வொரு சொட்டு, நடுவில் ஒரு சொட்டு, பத்து விநாடி ஓடவிட்டு, வழிவதைத் துடையுங்கள். மெஷினுக்கென்று வரும் எண்ணெய்தான். தேங்காய் எண்ணெய் பிசுபிசுத்து முடியைச் சேர்த்துவைக்கும், வேண்டாம். சித்திரை வெயிலில் மின்விசிறியே சுடுகாற்று அடிக்கிற ஊர் இது. பதினைந்து நிமிடம் நிறுத்தாமல் ஓடிய பிளேடு எவ்வளவு சுடும் என்று உங்கள் மணிக்கட்டில் வைத்துப் பாருங்கள். சுட்டால் நிறுத்துங்கள். கூலிங் ஸ்பிரே சூட்டைத்தான் குறைக்கும். கிருமியைக் கொல்லும் என்று அதன் லேபிளில் எழுதியிருந்தால் ஒழிய அதைச் சுத்தக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

நம்பர் கார்டு, அதாவது முடி நீளத்துக்காக மெஷினில் மாட்டும் சீப்பு, விஷயம் சுருக்கமாக: ஒன்றாம் நம்பர் 3 மில்லிமீட்டர், இரண்டு 6, மூன்று 10, நான்கு 13. எப்போதும் பெரிய நம்பரில் ஆரம்பியுங்கள். இரண்டில் ஆரம்பித்தால் ஒன்றுக்கு இறங்கலாம். அவசரப்பட்டு ஒன்றை ஓட்டிவிட்டால், முடி மாதத்துக்கு ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர்தான் வளரும், அந்த 3 மில்லியைத் திரும்பப் பெற ஒன்பது பத்து நாள் அந்த ஆள் தொப்பியோடு அலைய வேண்டும். கார்டு சரியாக மாட்டி 'டக்' என்று சத்தம் கேட்டதா என்று பார்க்காமல் தலையில் வைக்காதீர்கள். ஃபேடில் மெஷினைத் தலையின் வளைவோடு மேலே ஓட்டிக்கொண்டே போகக் கூடாது. மண்டை வளையும் இடத்தில் மணிக்கட்டைத் திருப்பி மெஷினை வெளியே எடுத்துவிட வேண்டும். எடுக்காவிட்டால் கோடு விழும். விழுந்த கோட்டை அழிக்கிறேன் என்று இன்னும் நாலு தடவை ஓட்டுவீர்கள், தோல் சிவக்கும். நல்ல கைவேலைக்காரனின் வாடிக்கையாளருக்குத் தோல் பிரச்சினை குறைவாக வருவதற்கு இதுவும் காரணம். அவன் ஒரே இடத்தில் பத்து தடவை தேய்ப்பதில்லை.

பிடரிக்குத் தனியாக ஒரு வார்த்தை. இடது கையால் தோலைக் கீழ்நோக்கி மெல்ல இழுத்துப் பிடித்து, ட்ரிம்மரால் கோடு போட்டால் போதும். "இன்னும் வழவழன்னு வேணும்" என்று கேட்டால்கூட முடி வளரும் திசைக்கு எதிராகக் கத்தியை ஓட்டாதீர்கள். சுருட்டை முடிக்காரர்களுக்கு வெட்டின நுனி தோலுக்குள்ளேயே திரும்பி வளர்ந்து கொப்புளமாகும். சிலருக்கு அது தடித்த தழும்பாகவே நின்றுவிடும். அந்த இடத்தில் ஏற்கெனவே முண்டுமுண்டாக இருந்தால் கத்தியே வேண்டாம், ஒன்றாம் நம்பரோடு நிறுத்துங்கள்.

கத்தரிக்கு அதிகம் சொல்லத் தேவையில்லை. மோதிர விரல் வளையத்துக்குள், சுண்டு விரல் கொக்கியில், கட்டைவிரல் நகம் வரை மட்டும். அசைவது கட்டைவிரல் ஒன்றுதான். ஒரு வளையத்தைப் பிடித்துக்கொண்டு மறு அலகைச் செங்குத்தாகத் தூக்கி விடுங்கள். பாதி வழியில் நின்றால் திருகு சரி. முழுக்க மூடிக்கொண்டால் லூஸ், முடியை மடிக்கும். விழாமலே நின்றால் இறுக்கம், உங்கள் கைதான் வலிக்கும். காது ஓரத்தில் இடது கை விரலால் காதை மடக்கிப் பிடித்துவிட்டு அப்புறம் வெட்டுங்கள். காதின் மேல் நுனி வெட்டுப்பட்டால் ரத்தம் லேசில் நிற்காது.

இனி சுத்தம் செய்யும் முறை. ஒருவர் எழுந்ததும் மெஷினை அணைத்து, பிரஷ்ஷால் பல்லிடுக்கு முடியை முழுக்கத் தட்டி எடுங்கள். தட்டாமல் அடிக்கும் மருந்து வீண். பிறகு 70 சதவீத ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலோ, பூஞ்சையையும் கொல்லும் என்று லேபிளில் போட்ட பிளேடு ஸ்பிரேயோ அடித்து, அதில் சொன்ன நேரம்வரை பிளேடு ஈரமாகவே இருக்கும்படி விடுங்கள். அடித்த கையோடு துடைத்தால் பலன் இல்லை. 99 சதவீதம் வாங்கினால் இன்னும் நல்லது என்று நினைக்காதீர்கள், அது சட்டென்று பறந்துவிடும். வேலை செய்ய அதற்குத் தண்ணீரும் வேண்டும். ஆல்கஹால் எண்ணெயையும் எடுத்துவிடுவதால் காய்ந்ததும் மறுபடி எண்ணெய். சாமி படத்துக்கு முன்னால் விளக்கு எரிகிற கடைகளில் ஸ்பிரே பாட்டிலை அந்தப் பலகையில் வைக்காதீர்கள். இரவு கடை அடைக்குமுன் பிளேடைக் கழற்றி அந்த மெத்தையை எடுப்பது தினசரி வேலை.

சீப்பையும் கார்டையும் சோப்புத் தண்ணீரில் கழுவி, கிருமிநாசினிக் கரைசலில் முழுக்க மூழ்க வைக்க வேண்டும். பெரும்பாலான கரைசல்களுக்குப் பத்து நிமிடம். பத்து நிமிடம் காத்திருக்க முடியாதுதான். அதனால்தான் மூன்று செட் சீப்பு வாங்கி வையுங்கள் என்கிறோம். நாலு சொட்டு ஆன்டிசெப்டிக் விட்டுப் பாலாக வெளுத்த தண்ணீர், அதில் மிதக்கும் முடி, பாதி முங்கிய சீப்பு, காலையில் ஊற்றியது இரவுவரை: அது கிருமிநாசினி இல்லை, ஊறல் தண்ணீர். சீப்பு, கத்தரி வைக்கிற, நீல வெளிச்சம் எரியும் யூ.வி. பெட்டியும் அப்படித்தான். வெளிச்சம் பட்ட பக்கம் மட்டும்தான் அதற்கு வேலை. பல்லிடுக்கு நிழலில் ஒன்றும் நடக்காது. கழுவி முடித்ததை எடுத்துவைக்க அது நல்ல அலமாரி.

கழுத்துக்குக் காகிதப் பட்டையோ டிஷ்யூவோ சுற்றாமல் துணி போர்த்தாதீர்கள். துண்டு ஒருவருக்கு ஒன்று. துவைத்து மொட்டை மாடியில் காயப்போடுங்கள், நம்மூர் வெயிலுக்குக் காசா பணமா.

ரத்தம் வந்துவிட்டால் வேலையை நிறுத்துங்கள். கையுறை போட்டு, பஞ்சால் அழுத்திப் பிடியுங்கள். ஊரில் பாதிப் பேருக்குத் தேய்த்த படிகாரக் கல்லை எடுத்து மறுபடி தேய்ப்பதை இன்றோடு விட்டுவிடுங்கள், உங்களுக்குப் புண்ணியமாகப் போகும். வேண்டுமானால் படிகாரப் பொடியைப் பஞ்சில் தொட்டு வையுங்கள், பஞ்சைத் தூக்கிப் போடுங்கள். ஹெபடைடிஸ் பி வைரஸ் காய்ந்த ரத்தத் துளியில் ஏழு நாள்வரை தாக்குப்பிடிக்கும். நாற்காலியிலோ தரையிலோ ரத்தம் பட்டால் துடைத்துவிட்டு, 5 சதவீத பிளீச்சிங் திரவம் ஒரு பங்குக்கு ஒன்பது பங்கு தண்ணீர் கலந்து போடுங்கள், அன்றன்றைக்குக் கலந்தது. கத்தரியில் அதை ஊற்றினால் துருப்பிடிக்கும். ஹெபடைடிஸ் பி தடுப்பூசி மூன்று தவணை: இன்று, ஒரு மாதம் கழித்து, ஆறாவது மாதம். தொழிலுக்கு வந்ததும் முதலில் போட வேண்டியது அதுதான், மெஷின் அப்புறம் வாங்கிக்கொள்ளலாம்.

கடைசியாக, ஏற்கெனவே வட்டத்தோடு வருபவர். துணி போர்த்தும் முன்னே பிடரி, காதுக்குப் பின்புறம், தாடி ஓரம் பார்த்துவிடுங்கள். இருந்தால் நாலு பேர் கேட்கச் சத்தம் போடாமல், "அண்ணாச்சி, இந்த இடத்துல மெஷின் பட்டா பரவும், ஆறினப்புறம் வாங்க" என்று காதோடு சொல்லுங்கள். கோபித்துக்கொண்டு போனாலும் போகட்டும். களிம்பு பெயர் மட்டும் சொல்லிவிடாதீர்கள். கடையில் கிடைக்கும் பல கலவைக் களிம்புகளில் ஸ்டீராய்டு இருக்கிறது. அரிப்பு அடங்கும், பூஞ்சை உள்ளே படரும், பிறகு வழக்கமான மாத்திரைக்கும் லேசில் அடங்காது. குழந்தையின் தலையில் திட்டாக முடி ஒடிந்து செதில் இருந்தால் களிம்பே போதாது, உள்ளுக்கு மருந்து வேண்டும். பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரியில் தோல் பிரிவு இருக்கிறது, அங்கே அனுப்புங்கள்.