டிரம்பெட் கலைஞரின் உதட்டுக்கும் ஓய்வு வேண்டும்

நாகஸ்வரத்தில் அதிர்வது அதன் முனையில் பொருத்தி ஊதும் சீவாளி. டிரம்பெட்டில் அதிர்வது வாசிப்பவரின் உதடு. சீவாளி கெட்டுவிட்டால், வாத்தியத்திலேயே தொங்கும் கொத்திலிருந்து வேறொன்றை எடுத்துப் பொருத்திக்கொள்ளலாம். உதட்டுக்கு அப்படி ஒரு மாற்று கிடையாது. தேவாலயத்திலும் கல்யாண பேண்டிலும் மேடைகளிலும் 25 ஆண்டுகளாக வாசித்தும் சொல்லிக்கொடுத்தும் வருகிற நான், இதை மிகத் தாமதமாகவே உணர்ந்தேன்.

ஓர் ஆவணி மாதத்தில் அடுத்தடுத்து நான்கு முகூர்த்தங்களுக்கு ஒப்புக்கொண்டிருந்தேன். மூன்றாம் நாள் மாப்பிள்ளை அழைப்பில் மேல் ஸ்தாயி சுரங்கள் நழுவத் தொடங்கின; உதடு வீங்கி மரத்திருந்தது. சற்று நிறுத்துகிறேன் என்று சொல்ல நா எழாமல், வாத்தியத்தை உதட்டோடு இன்னும் இறுக்கி அழுத்தி வாசித்து முடித்தேன். அதன்பின் நான்கு மாதங்கள் வாத்தியத்தைத் தொட முடியவில்லை.

வாயைச் சுற்றி வளையமாக அமைந்த தசைதான் உதட்டைக் குவித்து, காற்றுக்கு அதிரும் பதத்தில் வைத்திருக்கிறது. அது களைத்ததும் நாம் கைபலத்தை நாடுகிறோம். மவுத்பீஸின் உலோக விளிம்புக்கும் பல்லுக்கும் இடையே உதடு நசுங்கி, ரத்த ஓட்டம் குறைந்து, அதிர்வு மங்க, அதை ஈடுகட்ட மேலும் அழுத்துகிறோம். இது தொடர்ந்தால் தசையே கிழிந்துபோகலாம். அமெரிக்க ஜாஸ் டிரம்பெட் மேதை லூயி ஆம்ஸ்ட்ராங் உதட்டுக் காயங்களால் நெடுங்காலம் அவதிப்பட்டு, 1934-இல் பல மாதங்கள் வாசிப்பை நிறுத்தியிருந்தார். இந்தத் தசைக் கிழிசலை 1982-இல் விவரித்த ஸ்பானிய மருத்துவர் ஜைமே பிளானாஸ், ஆம்ஸ்ட்ராங்கின் செல்லப்பெயரான 'சாட்ச்மோ'வைக் கொண்டே அதற்கு 'சாட்ச்மோ சிண்ட்ரோம்' என்று பெயரிட்டார்.

புதிதாக வரும் மாணவரின் உதட்டைத்தான் நான் முதலில் பார்ப்பேன். வாசித்து முடித்து அரை மணி நேரம் கழிந்தும் மவுத்பீஸின் வட்டத் தடம் சிவந்து ஆழமாகத் தெரிந்தால், வலது சுண்டு விரலைக் கொக்கியிலிருந்து எடுத்துவிட்டு, இடது கைப் பிடியையும் தளர்த்தி, அதே மேல் சுரத்தை வாசிக்கச் சொல்வேன். சுரம் அங்கேயே அறுந்துபோகும்போது, அதுவரை அதைத் தாங்கி நின்றது தன் கைதான் என்று அந்தப் பிள்ளைக்கே புரிந்துவிடும். பிறகு மெல்லிய ஒலியில் நீண்ட சுரங்களிலிருந்து தொடங்குவோம். எவ்வளவு நேரம் வாசித்தோமோ அவ்வளவு நேரம் ஓய்வு. இந்த ஓய்வைச் சோம்பல் என்று நினைக்கும் பெற்றோரிடம் நான் நெடுநேரம் பேச வேண்டியிருக்கிறது.

ஒருநாள் ஓய்வுக்குப் பின்னும் வலியோ மரத்துப்போதலோ நீடித்தால் மருத்துவரைப் பாருங்கள். வலியே இல்லாமல், வாசிக்கும்போது மட்டும் உதடு சொன்னபடி கேட்காமல் போனால், அது தசைகள் நம் கட்டுப்பாட்டை மீறி இறுகும் நரம்புக் கோளாறான டிஸ்டோனியாவாக இருக்கக்கூடும். கூடுதல் சாதகத்தால் அது சரியாகாது, நரம்பியல் மருத்துவரே பார்க்க வேண்டும்.

பேண்டு நடத்துபவர்களிடம் நான் கேட்பது ஒன்றுதான். ஊர்வலத்துக்கு டிரம்பெட் வாசிக்க இருவரை அழைத்து வந்தால், பாட்டுக்குப் பாட்டு மாற்றி மாற்றி வாசிக்கலாம். கூடுதலாக ஒரு சம்பளம் ஆகும் என்பது எனக்குத் தெரியும். ஆயினும், பதினெட்டு வயதுப் பையன் ஒருவன் மூன்று மணி நேரம் தனியாக ஊதிவிட்டு, ஐஸ் கட்டியை உதட்டில் வைத்துக்கொண்டு வேனில் ஏறுவதைப் பார்க்கும்போதெல்லாம், அதே கோரிக்கையோடு அவர்களிடம் மீண்டும் போய் நிற்கிறேன்.